குவாங்சோவில் கடை ஏறி இறங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்காட்சிக்கோ சுற்றிப் பார்க்கவோ தென் சீனாவின் குவாங்சோவுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். போய் வந்தவர்கள் புலம்புவதும் ஒரே விஷயங்களைப் பற்றித்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

குவாங்சோவுல ஷாப்பிங்னா எந்த ஏரியாவுக்குப் போகணும்?

என்ன வாங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இந்த ஊரில் ஒரு பொருளுக்கு ஒரு தெரு. பொம்மை, எழுதுபொருள், அலங்காரச் சாமான் என்றால் ஹைஜு சதுக்கத்தை ஒட்டிய யிதே லூ ('லூ' என்றால் சாலை). பாசி மணி, கவரிங் நகை செய்யும் உதிரிகள் லிவான் பிளாசாவில். அதன் பக்கத்திலேயே ஹுவாலின் பச்சைக்கல் (ஜேட்) தெரு. இரண்டுக்கும் மெட்ரோ 1ஆம் தடத்தில் சாங்ஷோ லூவில் இறங்க வேண்டும். தோல் பை, பெல்ட்டுக்கு சான்யுவான்லி பக்கம். தைக்காத துணி ஜோங்தா துணிச் சந்தையில் கிடைக்கும். 8ஆம் தடத்தில் லுஜியாங் நிலையம் அதற்கு வசதி. தேயிலைக்கு ஃபாங்சுன், மூலிகைக்கும் உலர் சரக்குக்கும் ஹுவாங்ஷா அருகே சிங்பிங் சந்தை.

தைத்த ஆடைக்கு இரண்டு இடம் பிரபலம்: ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பைமா, 6ஆம் தடத்தில் கல்ச்சுரல் பார்க் நிலையத்துக்கு அருகே ஷிசான்ஹாங். 'பதின்மூன்று வணிக இல்லங்கள்' என்பதுதான் ஷிசான்ஹாங் என்ற பெயரின் பொருள். 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல்கள் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே சீனத் துறைமுகம் குவாங்சோ; அந்தக் காலத்துப் பெயர் இன்றைக்கும் துணிக்கட்டுகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

குறிப்பாக எதுவும் வாங்க வேண்டாம், வேடிக்கை பார்த்துக்கொண்டே நாலு பொருள் எடுக்கலாம் என்றால் பெய்ஜிங் லூ, ஷாங்சியாஜியூ என்ற இரண்டு நடைவீதிகள் போதும். குளிர்சாதன மால் வேண்டுமென்றால் தியான்ஹே பக்கம் தீமால், கிராண்ட்வியூ, தைகூ ஹுய்.

எல்லாக் கடையிலயும் ஒண்ணு ரெண்டு வாங்கலாமா? மொத்தமாத்தான் தருவாங்களா?

நடைவீதியிலும் மாலிலும் ஒன்று வாங்கலாம். மேலே சொன்ன சந்தைக் கட்டிடங்கள் மொத்த வியாபாரத்துக்கானவை. அங்கேயும் தளத்துக்குத் தளம் மாறும். பொதுவாகக் கீழ்த்தளத்துக் கடைகள் சில்லறைக்கும் தருகின்றன; மேலே ஏற ஏற 'ஒரு டிசைனில் ஒரு கட்டு' என்கிற கணக்கு வந்துவிடும். நுழைந்ததும் 'ந ஹுவோ?' என்று கேட்பார்கள். சரக்கு எடுக்க வந்தீர்களா என்று அர்த்தம். 'பீஃபா' என்றால் மொத்தம், 'லிங்ஷோ' என்றால் சில்லறை. ஒன்று மட்டும் வேண்டுமென்றால் முதலிலேயே ஒரு விரலைக் காட்டிவிடுங்கள். மொத்த விலையைக் கேட்டுப் பேரம் முடித்த பிறகு ஒன்றே ஒன்று என்றால் கடைக்காரர் முகம் மாறுவது நியாயம்தான்.

ஷிசான்ஹாங் சில்லறைக்கு ஏற்ற இடமே இல்லை. போட்டுப் பார்க்க அறை கிடையாது. வியாபாரம் காலையில் சூடுபிடித்து மதியத்துக்கு மேல் ஓய்ந்துவிடும். தலைக்கு மேல் மூட்டை சுமந்து ஓடுகிறவர்களுக்கு நடுவே குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவது உசிதமில்லை.

டாலர் எடுத்துட்டுப் போகணுமா? ஜிபே வேலை செய்யுமா?

ஜிபே, போன்பே மூலம் யுபிஐ அங்கே செல்லாது. ஊரே அலிபே, வீசாட் பே என்ற இரண்டு சீனப் பணச் செயலிகளில்தான் ஓடுகிறது. இளநீர் விற்கிறவர்கூட கியூஆர் அட்டையைத்தான் நீட்டுவார். 2020 முதல் இந்தியாவில் வீசாட் தடை செய்யப்பட்டிருப்பதால், இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு அலிபேதான் எளிது. ஊரிலேயே செயலியை இறக்கி, பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து ஏற்றி, விசா அல்லது மாஸ்டர் கார்டை இணைத்துவிடுங்கள். அதற்கு முன் வங்கிச் செயலிக்குள் போய் 'சர்வதேசப் பரிவர்த்தனை' என்ற பொத்தானை இயக்க வேண்டும். புதிய இந்தியக் கார்டுகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பாதிப் பேருக்குக் கார்டு இணையாமல் போவதற்குக் காரணம் இந்த ஒரு பொத்தான்தான். ஓடிபி எண் வருவது ஊர் சிம்முக்கு என்பதால் அதில் ரோமிங்கும் உயிரோடு இருக்க வேண்டும்.

ஒரு முறை செலுத்தும் தொகை 200 யுவானுக்குள் இருந்தால் அலிபே கூடுதல் கட்டணம் எடுப்பதில்லை. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 3%. எனவே 380 யுவான் பில்லை 190, 190 என்று இரண்டு தடவையாகச் செலுத்தினால் 11 யுவான் மிச்சம், கடைக்காரர்கள் மறுப்பதில்லை. உங்கள் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் இதற்கு மேல் தனி.

ரொக்கமும் கொஞ்சம் வேண்டும். பேங்க் ஆஃப் சைனா போன்ற பெரிய வங்கிகளின் ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டில் யுவான் எடுக்கலாம். எடுத்த 100 யுவான் தாள்களில் இரண்டை உடனே 10, 20ஆக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் கல்லாவில் சில்லறை இல்லாவிட்டால் விதி என்ன செய்யும்?

அலிபே எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஒரு கடையில மட்டும் பணம் போகல. ஏன்?

அந்தக் கடையில் ஒட்டியிருந்தது வணிகக் குறியீடு அல்ல, கடைக்காரரின் சொந்தக் கணக்கின் குறியீடாக இருக்கும். வெளிநாட்டுக் கார்டு இணைத்த கணக்கிலிருந்து தனிநபருக்குப் பணம் அனுப்ப முடியாது, வணிகருக்கு மட்டுமே முடியும். மொத்தச் சந்தையின் சின்னக் கடைகளில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். வேறு குறியீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் மேசை இழுப்பறைக்குள் ஒன்று கிடக்கும். இல்லையென்றால் உங்கள் போனில் 'செலுத்து' திரையைத் திறந்து, அவரிடம் ஸ்கேனர் இருந்தால் வருடச் சொல்லுங்கள். இரண்டும் இல்லாதபோதுதான் மேலே சொன்ன ரொக்கம் கைகொடுக்கும்.

சீன பாஷை ஒரு வார்த்தை தெரியாது. எப்படிச் சமாளிக்கிறது?

விலை பேசும் மொழி கால்குலேட்டர்தான். அவர் ஒரு எண்ணைத் தட்டிக் காட்டுவார், நீங்கள் அழித்துவிட்டு உங்கள் எண்ணைத் தட்ட வேண்டும். மூன்று சொற்கள் போதும்: 'துவோ ஷாவ் சியென்?' (எவ்வளவு?), 'தாய் குய் ல' (ரொம்ப விலை), 'பூ யாவ்' (வேண்டாம்). மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழித் தொகுப்பை ஊரிலேயே இறக்கி வையுங்கள். ஓட்டல் வைஃபையிலும் உள்ளூர் சிம்மிலும் கூகுள், வாட்ஸாப் எதுவும் திறக்காது. ஊர் சிம்மின் ரோமிங் இணையத்தில் திறக்கும்.

விரல் கணக்கில் மட்டும் உஷார். ஒன்று முதல் ஐந்து வரை நம் கணக்குதான். அதற்கு மேல் ஒரே கையில் முடித்துவிடுவார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் 6. ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்துக் குவித்தால் 7. ஆள்காட்டி விரலைக் கொக்கி போல மடக்கினால் 9. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நீட்டினால் நம் கண்ணுக்கு இரண்டு என்று படும். அது 8. இருபது யுவான் என்று நினைத்துத் தலையாட்டிய பிறகு எண்பது கேட்டார்கள் என்ற புலம்பலுக்கு இந்த இரண்டு விரல்தான் காரணம்.

எவ்வளவு குறைச்சுப் பேசலாம்? பாதி விலைக்குக் கேக்கலாமா?

சூப்பர் மார்க்கெட், மால், விலைச்சீட்டு அச்சடித்த கடை ஆகியவற்றில் பேரம் கிடையாது. நினைவுப்பொருள் கடையிலும் பச்சைக்கல் தெருவிலும் பாதிக்கும் கீழே ஆரம்பிக்கலாம். மொத்தச் சந்தையில் அப்படிக் கேட்டால் உங்களை விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். அங்கே லாபம் ஏற்கெனவே மெல்லியது. எண்ணிக்கையைக் கூட்டினால்தான் விலை இறங்கும். ஐந்து எடுத்தால் எவ்வளவு, இருபது எடுத்தால் எவ்வளவு என்று கேட்பதுதான் அங்கத்திய பேரம்.

அடிவிலையை அறிய ஒரு வழி இருக்கிறது. தாவோபாவ் என்ற சீன ஆன்லைன் கடைச் செயலியில் கேமரா பொத்தானை அழுத்திப் பொருளைப் படம் எடுத்தால், அதே பொருளை ஆன்லைனில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று வரிசையாக வந்து நிற்கும். அதைக் கடைக்காரரின் மூக்குக்கு முன்னால் நீட்டாதீர்கள். நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அது உங்களுக்கான கணக்கு. பச்சைக்கல்லுக்கு மட்டும் இந்த வித்தை பலிக்காது. படத்தில் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கல் பார்க்கத் தெரியாதவர்கள் தொலைந்தாலும் வருந்தாத தொகைக்கு மேல் அங்கே வாங்க வேண்டாம்.

போர்டுல 6 யுவான்னு போட்டிருந்தது, ஒரு கிலோ லிச்சிக்கு 12 வாங்கிட்டாங்க. ஏமாத்தினாங்களா?

இல்லை. காய்கறி, பழம், உலர் சரக்கு எல்லாவற்றுக்கும் விலைப்பலகை 'ஜின்' கணக்கில் இருக்கும். ஒரு ஜின் 500 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு 'லியாங்', 50 கிராம். விலை உயர்ந்த தேயிலையை லியாங் கணக்கிலும் சொல்வார்கள். வாங்குவதற்கு முன் எந்த அளவுக்கு அந்த விலை என்று தராசைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இதே மாதிரித் தலைகீழாகப் புரிவது தள்ளுபடி. சீனத்தில் '8' போட்டுப் பக்கத்தில் '折' என்ற எழுத்து இருந்தால் 80% தள்ளுபடி அல்ல, விலையில் 80% கட்ட வேண்டும், அதாவது 20% தள்ளுபடி. 9 என்றால் 10% குறைவு, 5 என்றால் பாதி விலை. எண் சின்னதாக ஆக ஆக உங்களுக்கு லாபம்.

துணியில 170/92ஏ-ன்னு போட்டிருக்கு. அது என்ன சைஸ்?

முதல் எண் உயரம், இரண்டாவது மார்புச் சுற்றளவு, இரண்டும் சென்டிமீட்டரில். பேன்ட் என்றால் இரண்டாவது எண் இடுப்பு. கடைசி எழுத்து உடல்வாகு: ஒய் ஒல்லி, ஏ நடுத்தரம், பி கொஞ்சம் பூசினாற்போல, சி பருமன். எம், எல் என்ற எழுத்துகளை நம்பாதீர்கள். நம் ஊர் எல் அணிகிறவருக்கு அங்கத்திய எக்ஸ்எல்கூடத் தோளில் பிடிக்கலாம். போட்டுப் பார்க்க அறை இல்லாத கடைகளுக்குப் போகும்போது, நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையின் தோள், மார்பு, நீளத்தை அளந்து எழுதிக்கொண்டு, கையில் ஒரு இஞ்ச் டேப் வைத்துக்கொள்வது உத்தமம். செருப்பில் 250 என்றிருந்தால் பாதத்தின் நீளம் 250 மில்லிமீட்டர்.

ஐபோன், ஷாவ்மி எல்லாம் அங்க வாங்கினா லாபமா?

சீனப் பதிப்புப் போன் வேறு ஜாதி. சீன ஐபோன்களில் ஃபேஸ்டைம் ஆடியோ அழைப்பு வேலை செய்யாது. பெரும்பாலான மாடல்களில் இசிம்முக்கு (அட்டையில்லாத மின்னணு சிம்) பதில் இரண்டு சிம் அட்டைக்கான இடம் இருக்கும் (சிலருக்கு இதுவே பிடிக்கும்). உள்நாட்டு ஆண்ட்ராய்டு போன்கள் உள்ளூர்ச் செயலிக் கடையோடு வரும். கூகுள் சேவைகள் எல்லா மாடலிலும் சரியாக ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. பெட்டியைத் திறந்து, கடையிலேயே உங்கள் சிம்மைப் போட்டு, ரோமிங் இணையத்தில் நீங்கள் தினமும் பயன்படுத்தும் செயலிகளைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

உதிரி பாகம், கேபிள், மின்னணுச் சில்லறை என்றால் குவாங்சோவைவிட ஷென்ஜென் நகரத்தின் ஹுவாசியாங்பெய் மேல். அதிவேக ரயிலில் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். டிக்கெட் பாஸ்போர்ட் எண்ணில்தான் பதிவாகும், அதைக் கையோடு கொண்டுபோங்கள். மின்சாரம் 220 வோல்ட், ஏறக்குறைய நம் ஊர் அளவுதான். பின் மட்டும் தட்டையானது, அதற்கு ஒரு அடாப்டர் போதும்.

1 டிபி பென்டிரைவ் 30 யுவானுக்குத் தராங்க. வாங்கலாமா?

வேண்டாம். உள்ளே இருப்பது சின்ன நினைவகம். அதன் கட்டுப்பாட்டுச் சில்லு கணினியிடம் '1 டிபி' என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். கடையில் செருகிப் பார்த்தால் 1 டிபி என்றே காட்டும். நான்கைந்து கோப்பு ஏற்றினாலும் திறக்கும். உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு புதிய கோப்புகள் பழையவற்றின் மேல் எழுதப்பட்டு எல்லாம் நாசமாகும். கண்டுபிடிக்க ஒரே வழி முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பது. அதற்கு மணிக்கணக்காகும், கடையில் நின்று செய்கிற வேலையில்லை.

பவர் பேங்க், ட்ரோன் வாங்கிட்டு வரலாமா?

பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும்தான் கொண்டுவர முடியும், 100 வாட்-அவர் வரை. மில்லி ஆம்பியர்-அவர் (mAh) எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வாட்-அவர் வரும். 20,000 என்பது 74, அதனால் தொல்லையில்லை. ஆனால் இந்த எண் பொருளின் மேலேயே தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எழுத்து அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். சீனாவுக்குள்ளேயே விமானம் ஏறுகிறீர்கள் என்றால், 2025 ஜூன் 28 முதல் '3சி' என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கை விடுவதில்லை. ஊரிலிருந்து நீங்கள் கொண்டுபோனதற்கும் இது பொருந்தும்.

ட்ரோன் இந்தியாவுக்குக் கொண்டுவரவே கூடாது. 2022 பிப்ரவரியிலிருந்து இறக்குமதித் தடை. மின்சிகரெட்டுக்கு 2019 முதல் தடை. யிதே லூவின் உலர்மீன் கடைகளில் கண்ணாடி ஜாடியில் நிறுத்தி வைத்திருக்கும் கடல் அட்டையும் கடல் குதிரையும் இந்திய வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அங்கே வெளிப்படையாக விற்கிறார்களே என்று ஒரு பொட்டலம் வாங்கினால் சென்னை விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரிய பிராண்ட் பேக், வாட்ச் எல்லாம் சல்லிசா கிடைக்குமாமே?

கிடைப்பது போலி. தெருவில் படப் புத்தகத்தைக் காட்டி, மாடிக்கு வாருங்கள், உள் அறையில் இருக்கிறது என்று அழைப்பவர்களோடு போகாதீர்கள். அறைக்குள் போன பிறகு வாங்காமல் வெளியே வருவது சங்கடம், வாங்கினால் சுங்கத்தில் சங்கடம். பெயர் பொறிக்காத நல்ல தோல் பை சான்யுவான்லி பக்கம் தாராளமாக இருக்கிறது.

வாங்கினதை மாத்தித் தருவாங்களா?

ஆன்லைனில் வாங்கினால் 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்பது சட்டம். சில பொருள்களுக்கு விலக்கு உண்டு. நேரடிக் கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கடையே அறிவித்திருந்தால்தான் உண்டு. மொத்தச் சந்தையில் வெளியே வந்தால் வந்ததுதான். மாலில் வாங்கும்போது 'ஃபாபியாவ்' என்று கேட்டு அரசு அங்கீகரித்த ரசீதை வாங்குங்கள். சும்மா கல்லாவிலிருந்து வரும் துண்டுச்சீட்டு வேறு, இது வேறு. பெரிய தகராறு என்றால் 12315 என்ற நுகர்வோர் எண் இருக்கிறது. சந்தைக் கட்டிடம் என்றால் முதலில் அதன் நிர்வாக அலுவலகத்துக்குப் போவது வேகமானது.

வரியைத் திருப்பித் தராங்கன்னு சொல்றாங்க. எப்படி வாங்கறது?

வெளிநாட்டுப் பயணிகளுக்கு உண்டு, ஆனால் வரி திரும்பும் அடையாளம் ஒட்டிய கடைகளில் மட்டும். மொத்தச் சந்தையில் கிடையாது. ஒரே நாளில் ஒரே கடையில் குறைந்தது 200 யுவானுக்கு வாங்கியிருக்க வேண்டும் (2025 ஏப்ரலுக்கு முன் இது 500). பாஸ்போர்ட்டைக் காட்டி ஃபாபியாவும் வரித் திருப்ப விண்ணப்பமும் வாங்க வேண்டும். பெரும்பாலான பொருளுக்கு விகிதம் 11%. அதில் சேவைக் கட்டணம் 2% போகும். ஆக 1,000 யுவானுக்கு ஏறத்தாழ 90 யுவான் கைக்கு வரும்.

விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்பே சுங்க மேசைக்குப் போக வேண்டும். பொருளைப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார்கள். பெட்டியை அனுப்பிவிட்டு வெறும் ரசீதோடு போய் நின்று திரும்பியவர்கள் ஏராளம். பொருள் பயன்படுத்தாமல் இருக்க வேண்டும். வாங்கி 90 நாளுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

எந்த மாசம் போகக் கூடாது?

சீனப் புத்தாண்டை ஒட்டி. ஜனவரி கடைசி, பிப்ரவரியில் வரும். மால்கள் திறந்திருக்கும். ஆனால் வேலையாட்கள் சொந்த ஊர் போய்விடுவதால் மொத்தச் சந்தைகள் நாள்கணக்கில் இழுத்து மூடப்படும். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, கூட்டம் தள்ளும். 1957 முதல் இந்த ஊரில் நடக்கும் கேன்டன் வணிகக் கண்காட்சி ஏப்ரல் 15, அக்டோபர் 15 வாக்கில் தொடங்கும். அந்த வாரங்களில் ஓட்டல் வாடகை எகிறிவிடும். கண்காட்சிக்கு வரவில்லை என்றால் அந்த நாள்களைத் தவிர்ப்பது நல்லது.

ஊர்ல கடை வைக்கலாம்னு இருக்கேன். நாலஞ்சு பெட்டிச் சரக்கா எடுத்து அனுப்ப முடியுமா?

முடியும், ஆனால் அது பயணியின் சாமான் கணக்கில் வராது. ஒரே பொருள் இருபது இருந்தாலே சுங்கத்தில் வியாபாரச் சரக்கு என்றுதான் பார்ப்பார்கள். விற்பனைக்கு இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய ஐஇசி எண் (இறக்குமதி, ஏற்றுமதிக்கான அரசுக் குறியீட்டு எண்) வேண்டும். பொம்மைக்கு 2021 முதல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரச்சான்று கட்டாயம்; சார்ஜர், பவர் பேங்க் போன்றவற்றுக்கும் பிஐஎஸ் பதிவு உண்டு. யிதே லூவில் பொம்மை விலையைப் பார்த்து மயங்குவதற்கு முன் இந்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள்.

அனுப்பும் கூலி எடையை மட்டும் வைத்து வராது. 60×50×40 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டி 0.12 கன மீட்டர். எட்டுப் பெட்டி சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர், கப்பல் கூலி அந்தக் கணக்கில். விமானத்தில் அதே பெட்டியின் மூன்று அளவையும் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள், 20 கிலோ வரும். உள்ளே பஞ்சுப் பொம்மை 6 கிலோதான் என்றாலும் கூலி 20 கிலோவுக்கு.

கடையில் பார்த்தது ஒன்று, பெட்டியில் வந்தது ஒன்று என்பதுதான் இதில் பெரிய புகார். மாதிரியைப் படம் எடுத்து, அதிலேயே பேனாவால் குறி போட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் மட்டும் கொடுத்து, மிச்சத்தைச் சரக்கு ஏற்றுமதி முகவரின் கிடங்குக்கு வந்த பிறகு தருவதாகப் பேசுங்கள். கிடங்கில் மேல் பெட்டியை மட்டும் திறந்து பார்ப்பது வீண். நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று நீங்களே காட்டித் திறக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் கண் முன்னாலேயே டேப் ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்துப் போடுங்கள்.